கட்டிலடி மிடா

"ரங்கூன் ஆப்காரி இன்ஸ்பெக்டரை, என் வீட்டிலே ஊறின அரிசிக் கள்ளாலேயே தலைமுழுகக் குளிப்பாட்டி, என் வேட்டியையும் கட்டிவிட்டு அனுப்பினவன் நான்! போகும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்!"

பபேடான் பேட்டை டீக்கடையில் சபாபதி இதைச் சொன்னதும் எல்லோரும் வழக்கம்போல பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வழக்கம்போல ஒருவர் மட்டும் மூக்கால் சிரித்தார்.

"புளுகு."

சிரித்தவர் பழனியப்பன். சர்க்காரில் என்னவோ வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆறு மாதமாக இந்தத் தெருவில் குடியிருப்பவர். என்ன வேலை என்று கேட்டால், "ஏதோ, எழுத்து வேலை" என்பார். அதற்குமேல் டீ குடிக்க ஆரம்பித்துவிடுவார்.

"எது ஐயா புளுகு?" என்று சபாபதி சீறினார்.

"எல்லாம்தான். கள்ளையும் சாராயத்தையும் மோப்பம் பிடிக்கிற அதிகாரி என்ன கைக்குழந்தையா, நீர் குளிப்பாட்ட?"

"என் பெண்டாட்டியைக் கேளும்!"

"பெண்டாட்டி சாட்சி செல்லாது."

"வேட்டி காணோமே, அதுக்கென்ன சொல்றீர்? சிவப்புக் கரை போட்ட எட்டு முழம்!"

"இல்லாத வேட்டி எப்படி ஓய் சாட்சி சொல்லும்?"

சபாபதிக்கு உச்சந்தலை கொதித்தது. நாலு வருஷமாகச் சொல்லி வருகிற கதைக்கு ஆறு மாதமாக இதே அவமானம். சரி, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லிவிடுவது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றாம் வருஷம். கடைக் கள்ளில் பாதி தண்ணீர் என்பது துறைமுகக் குமாஸ்தா சபாபதியின் தீராத ஆத்திரம். "தண்ணி குடிக்கணும்னா குழாயடிக்குப் போறேன், இவன் கடைக்கு எதுக்கு?" என்று ஒருநாள் கடை வாசலிலேயே கூச்சல் போட்டுவிட்டு வந்தார். பர்மாக்காரர்கள் செய்வதுபோல் வெந்த சோற்றில் புளிக்கவைக்கும் மருந்து மாவுருண்டையைப் பொடித்துப் போட்டு, வீட்டிலேயே ஊறவைப்பது என்று தீர்மானித்தார். லைசென்ஸ் கிடையாது. பிடிபட்டால் துறைமுக வேலை போகும். அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்கும் துணிந்துவிட்டார். இடத்துக்குத்தான் வழியில்லை.

வீடு என்பது மாடியில் ஒரே அறை. பத்தடிக்கு எட்டடி. அதற்குள் அடுப்பு, அரிசி மூட்டை, சாமி படம், கட்டில், கனகாம்பாள். ஆகவே கட்டில் கால்களுக்குச் செங்கல் அடுக்கி உயர்த்தி, பெரிய மிடாப் பானை ஒன்றை அடியில் தள்ளினார். அன்றுமுதல் படுப்பதற்கு அரிசி மூட்டைமேல் கால்வைத்து ஏற வேண்டியிருந்தது.

"என்னங்க, கட்டிலுக்கடியிலே என்ன முனகுது?" என்றாள் கனகாம்பாள்.

"மிடா."

"மிடா எதுக்கு முனகுது?"

"நீ கேள்வி கேட்காம இருந்தா அது பாட்டுக்கு ஊறும்."

மூன்றாம் நாள் வாசனை மாடிப்படி வரைக்கும் இறங்கிவிட்டது. அதை மறைக்கச் சபாபதி சாம்பிராணி போட்டார். போதவில்லை. கற்பூரம் ஏற்றினார். முனகல் வெளியே கேட்காமலிருக்க மணியும் அடித்தார். சாம்பிராணி வாசனையும் மணிச் சத்தமும் வந்தபின் தெருத் தமிழர்கள் சும்மா இருப்பார்களா? பத்து நிமிஷத்தில் பதினேழு பேர் மாடியேறி வந்து, கட்டில்மேல் ஆறு, தரையில் பதினொன்று என்று சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன விசேஷம், சபாபதி?"

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லாததுக்கா கற்பூரம்? சுண்டல் எங்கே?"

கனகாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுண்டலுக்கு உலை வைத்தாள். அடுப்புச் சூடு கட்டிலடிக்குப் பரவியது. மிடா பொங்கியது. தரைப் பலகை இடுக்குகளில் புகுந்த நுரை நேரே கீழ்வீட்டில் போய்ச் சொட்டியது.

கீழே பர்மாக்கார வீட்டுக்காரி டோ மியா மீன் விழுது ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ, அமலே! கோ சபாபதி!" என்று கத்திக்கொண்டே அகப்பையும் கையுமாக மேலே வந்தாள். "உன் வீட்டு மழை என் ஙாப்பியிலே பெய்யுது!"

"அது வந்து... அபிஷேகத் தண்ணி, டோ மியா."

டோ மியா விரலை நக்கிப் பார்த்தாள். சந்தேகம் தீர இன்னொரு தடவை நக்கிப் பார்த்தாள்.

"உன் சாமி ரொம்ப நல்ல சாமி," என்றாள். "ஆனா இன்னிக்கே இது கீழே இறங்கணும். மாண்டலேயிலேருந்து புது ஆப்காரிக்காரன் வந்திருக்கான். வீடு வீடா மோந்து பாக்கறான்."

சபாபதிக்குக் கப்பல் சங்கு காதுக்குள் ஊதியது. சாயங்காலம் படிக்கட்டடியில் பார்த்தால், மூடி போட்ட காலிப் பீப்பாய் ஒன்று அவருக்கென்றே வைத்ததுபோல நின்றது. குடம் குடமாக இறக்கி அத்தனை சரக்கையும் அதில் ஊற்றினார். சித்திரை வருஷப் பிறப்பு வருவது அவருக்கு நினைவிருந்தது. வேப்பம்பூகூட வாங்கி வைத்திருந்தார். பர்மாக்காரர்களின் தண்ணீர்ப் பண்டிகை அதற்கும் முன்னமே, மறுநாள் காலையில் தொடங்குகிறது என்பதும், பீப்பாய் அதற்காகத்தான் நிற்கிறது என்பதும்தான் நினைவில்லை.

விடிந்தது. டோ மியாவின் ஐந்து மகள்களும் பீப்பாயை வாசலுக்கு இழுத்து, மேலே நாலு குடம் தண்ணீரும் ஊற்றி, கிண்ணங்களோடு நின்றார்கள். போகிறவர் வருகிறவர் தலையிலெல்லாம் கள் பொழிந்தது.

"என் சரக்கு! என் சரக்கைத் தெருவிலே வீசறாளுங்களே!" என்று சபாபதி ஜன்னலில் நின்று துடித்தார்.

"மெல்லக் கத்துங்க," என்றாள் கனகாம்பாள். "இருக்கிற மானமாவது மிஞ்சட்டும்."

நனைந்தவர்கள் உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை நனைவதற்கு வரிசையில் வந்து நின்றார்கள். ரிக்‌ஷாக்காரன் ஒருவன் ஒரு துரையை அதே தெருவில் ஒன்பது சுற்று சுற்றினான். துரையும் ஆட்சேபிக்கவில்லை. வாசல் குட்டையில் அலகு நனைத்த காக்கைகள் பறப்பதை மறந்து, நடந்தே வீட்டுக்குப் போயின.

அந்த நேரம் பார்த்து ஆப்காரி இன்ஸ்பெக்டர் வந்தார். மொடமொடவென்று காக்கி உடுப்பு, தொப்பி. வாசலை மிதிப்பதற்குள் ஐந்து கிண்ணங்களும் அவர் தலையில் கவிழ்ந்தன. கடைசி மகள் எண்ணெயில் குழைத்த சட்டிக் கரியை அள்ளி முகம் முழுக்க அப்பிவிட்டாள். அந்தப் பண்டிகையில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வருஷத்துப் பாவம் தொலைந்தது என்று சிரிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

மாடியேறி வந்தபோது அவருக்குக் கண்ணும் பல்லும்தான் வெள்ளையாக இருந்தன.

"கள் வாசனை வருது! எங்கேய்யா பானை?"

கட்டிலடியில் குனிந்தார். மிடாவில் கனகாம்பாள் புளி போட்டு வைத்திருந்தாள். ஆனாலும் வாசனை! அரிசி மூட்டையைப் பிரித்தார். அங்கும் வாசனை. சாமி படத்துக்குப் பின்னால் மூக்கை நீட்டினார். அங்கும் அதே வாசனை. சபாபதி நாகப்பட்டினத்துக்கு மனத்துக்குள்ளேயே மூட்டை கட்டி முடித்துவிட்டார்.

கனகாம்பாள்தான் வாய் திறந்தாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. வாசனை உங்க மேலேருந்துதான் வருது."

இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை முகர்ந்தார். தொப்பியை முகர்ந்தார். அப்படியே கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார்.

"இந்த நாத்தத்தோட ஆபீசுக்கு எப்படிப் போவேன்? ஆப்காரிக்காரனே குடிச்சிட்டு வந்தான்னு பெரிய துரை சீட்டைக் கிழிச்சிடுவாரே!"

வேலை போகிற பயம் ஒரு ஆளை விட்டு இன்னொரு ஆளுக்குத் தாவிவிட்டது. சபாபதி பெட்டியைத் திறந்து, வருஷப் பிறப்புக்கு வைத்திருந்த புது வேட்டியை எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைக் கட்டிக்கொண்டு, உடுப்பை மூட்டையாக இடுக்கிக்கொண்டு, முகக் கரியோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்பக்கப் படியில் இறங்கிப் போனார். அடுத்த மாதமே மாண்டலேக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாராம். வேட்டி மட்டும் திரும்பவில்லை.

"நடந்தது இவ்வளவுதான்!" என்று சபாபதி பெஞ்சைத் தட்டினார்.

"கட்டுக்கதை," என்றார் பழனியப்பன். "காக்கை நடந்துச்சாம்! இன்ஸ்பெக்டர் கும்பிட்டாராம்!"

கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நாலு வருஷமாக உள்ளதை உள்ளபடியே சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சபாபதி, அந்த ஆத்திரத்தில் முதன்முதலாக ஒரு பொய்யைச் சேர்த்தார்.

"கும்பிட்டதோட விட்டாரா? தடால்னு என் காலிலே விழுந்தார்! ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு, 'அப்பா சபாபதி, காப்பாத்து'ன்னு ஓன்னு அழுதார்!"

பழனியப்பன் துள்ளி எழுந்தார். டீ கிளாஸ் உருண்டு விழுந்தது.

"அபாண்டம்! கும்பிட்டேன், அவ்வளவுதான்! உம்ம காலிலே எவன் ஓய் விழுந்தான்?"