பாசி தின்ன வந்த நண்டுகள்

ஒரு காட்டில், சிங்கம் ஓய்வுபெற்று நரியார் பொறுப்பேற்ற காலத்தில், ஒரு குளம் இருந்தது. அதன் வடமூலையில் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சைப்பாசி படர்ந்தது. சும்மா பாசி இல்லை. வாய் வைத்தவர் வயிற்றைப் புரட்டி எடுக்கும் விஷப்பாசி.

அந்தக் குளத்தில்தான் பச்சைநாயகி என்னும் தவளை முட்டையிட்டிருந்தாள். முட்டைகள் பொரிந்து தலைப்பிரட்டைகளாகி வாலாட்டிக்கொண்டிருந்தன. கால் முளைக்கும்வரை தண்ணீரை விட்டு அவை எங்கே போகும்? அவள் காட்டுக் கூட்டத்தில் எழுந்து முறையிட்டாள்.

நரியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். “கவலையை விடு தாயீ. குளத்துல நண்டு வளர்ப்போம். அது பாசியைத் தின்னும். பாசியும் ஒழியும், நமக்கு நண்டும் ஆச்சு!”

சொல்லும்போதே அவருக்கு எச்சில் ஊறியது. நரியாருக்கு நண்டு என்றால் உயிர் என்பது காட்டுக்கே தெரியும். ஆனால் தெரிந்ததையெல்லாம் கூட்டத்தில் சொல்லும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை.

நண்டுகள் கூடை கூடையாக வந்து இறங்கின. மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள். நண்டுக்குக் கழுத்து இல்லையாதலால் மாலைகள் நேரே குளத்துக்குள் போய் அழுகின.

அதோடு விட்டிருந்தால், பசிக்காவது நண்டுகள் பாசியை ஒரு கடி கடித்துப் பார்த்திருக்கும். ஆனால் அந்தக் காட்டார் விருந்தோம்பலில் பெயர்போனவர்கள்.

“வீடு தேடி வந்தவங்களைப் பாசியைத் தின்னுங்கன்னு விடறதா? நாலு காடு காறித் துப்பாது?” என்று மான் கண்ணைக் கசக்கினாள்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு புண்ணாக்கும் தவிடும் கருவாடும் குளத்தில் வந்து விழுந்தன. நண்டுகள் தின்றது பாதி, அழுகியது பாதி. தின்றதும் கடைசியில் குளத்துக்கே திரும்பியது. கொடுக்கு சும்மா இருக்குமா? அல்லியையும் நீர்ச்செடிகளையும் நறுக்கித் தள்ளின. அழுகலை உறிஞ்சிக்கொண்டிருந்த செடிகள் போனதும் பாசிக்கு அடித்தது யோகம். பாய் அகலம் பந்தல் அகலமானது.

பச்சைநாயகி நண்டுத் தலைவர் கொடுக்கப்பனிடம் போனாள். “ஏண்ணே, பாசியைத் தின்னத்தானே வந்தீங்க?”

“நீயே சொல்லு தங்கச்சி. புண்ணாக்கு இருக்கும்போது எவனாச்சும் விஷத்தை வழிச்சுத் தின்பானா? போதும்னாலும் உங்காளுங்க விடமாட்டேங்கறாங்களே” என்றார் அவர், ஏப்பம் விட்டபடி. பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

மறுபடி கூட்டம். “தீனியை நிறுத்துங்க, நண்டைக் குறைங்க! விடிஞ்சா என் புள்ளைங்க மூச்சுக்கு மேல வந்து வாயைப் பொளக்குதுங்க” என்று பச்சைநாயகி கதறினாள்.

“விருந்தாளியைப் பட்டினி போடச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்றாள் மான்.

நரியார் தொண்டையைச் செருமினார். “பாசி பெருகினதுக்குக் காரணம் என்னன்னா, நண்டு போதலை!”

கைதட்டல் காட்டைப் பிளந்தது. இன்னும் கூடைகள் வந்தன, இன்னும் மாலைகள், இன்னும் புண்ணாக்கு.

குளம் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போலானது. மூச்சு முட்டிய நண்டுகள் கரையேறி உட்கார்ந்துகொண்டன. தலைப்பிரட்டைகளால் ஏற முடியவில்லை. ஒருநாள் விடிந்தபோது எல்லாமே வயிறு மேலாக மிதந்தன. ஒன்றுக்கு அப்போதுதான் பின்னங்கால் எட்டிப் பார்த்திருந்தது. பச்சைநாயகி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

நாற்றம் தாங்காமல் காடே கரையில் கூடியது. நரியார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார். அப்போது கொடுக்கப்பன் தன் கூட்டத்தோடு மெல்ல இறங்கி, மிதந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார். ஒரு வால்கூட மிச்சமில்லை.

நரியார் துள்ளி மைக்கைப் பிடித்தார். “பாத்தீங்களா? நண்டு குளத்தைச் சுத்தம் பண்ணுதா இல்லையா?”

காடு கைதட்டியது. மான் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். பச்சைநாயகி மட்டும் தட்டவில்லை. விருந்தாளிகளை அவமதித்ததாகச் சொல்லி அவளைக் காட்டை விட்டு ஒதுக்கி வைத்தார்கள். கொழுத்த நண்டுகளில் முதல் கூடை, மேளதாளத்தோடு நரியார் வீட்டுக்குப் போனது.

நீதி: குளம் கெட்டாலும் விருந்தாளி பசித்திருக்கக் கூடாது, பிள்ளையைத் தின்றவர் ஏப்பம் விடும்போது கைதட்டாதவளே காட்டுக்கு ஆகாதவள்.