சதுர அடிக் கணக்கு

கிராபிக்ஸ் கார்டு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழைய மறுத்தது. நாலு விரல் நீளம் அதிகம்.

"இன்னாங்க இது, முறம் மாதிரி இருக்குது?" என்றாள் கிறிஸ்டினா.

அவள் கணவர் இருதயராஜ் ஆம்பூர்த் தோல் கிடங்கில் இருபது வருடமாகத் தரம் பிரிப்பவர். தோலுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் விலை. கடைக்காரன் சுஹேல் அகமது ஒரே விலையில் இரண்டு பழைய கார்டுகளைக் காட்டி, "உங்க பெட்டிக்குச் சின்னதே போதும்ண்ணே" என்றபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதே காசுக்குப் பெரிசு கிடைக்கும்போது சின்னதை யாராவது எடுப்பார்களா?

மாலை ஆறு மணிக்குள், கிறிஸ்டினா வடிவமைத்த ஷூவின் படம் ராணிப்பேட்டை கம்பெனிக்குப் போயாக வேண்டும். பிடித்துவிட்டால் டிசைனர் வேலை. தையல் மெஷினில் குனிந்தே கிடந்த முதுகு கொஞ்சம் நிமிரும். கம்ப்யூட்டரோ ஒவ்வொரு முறையும் பாதிப் படத்தில் உறைந்துபோனது; அதற்குத்தான் இந்தக் கார்டு.

"இதோ பார் வேலையை," என்று இருதயராஜ் தகரம் வெட்டும் கத்தரியால் பெட்டியின் பக்கத்தை வெட்டினார். கார்டு உட்கார்ந்தது, வால் மட்டும் வெளியே.

ஸ்விட்சைப் போட்டார். உயிரில்லை.

"கரன்ட் பத்தல கிறிஸ்டி!" அடுத்த தெருவுக்கு ஓடி, பெரிய பவர் சப்ளையாக வாங்கிவந்து மாட்டினார்.

டப்!

ஃபேன் நின்றது. பக்கத்துப் போர்ஷன் மிக்ஸியும் நின்றது.

"யாருப்பா அது? என் சட்னி பாதியில நிக்குது!" என்று முத்துமாரியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

இருதயராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். "உன் வேலையை நானே கெடுத்துட்டேனே..."

"பேஜார் ஆவாதீங்க. போய் வயர்மேனைக் கூட்டினு வாங்க," என்று முதுகைத் தட்டி அனுப்பினாள்.

கரன்ட் வரும்போது மணி ஐந்தரை. இருதயராஜ் போனில் கெஞ்ச, சுஹேல் அந்தச் சின்ன கார்டோடு வந்தான். உள்ளங்கை அகலம்தான். பழைய பவர் சப்ளையோடு அதை மாட்டியதும் ஸ்கிரீனில் ஷூ பளபளவென்று சுழன்றது.

"அனுப்பு கிறிஸ்டி, அனுப்பு!"

ஐந்து ஐம்பத்தெட்டு. அனுப்பினாள். இருதயராஜ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுஹேல் தலையைச் சொறிந்தான்.

"இன்னாக்கா, ரெண்டாவது தபா அனுப்புறீங்க? அண்ணன் வயர்மேனைத் தேடிப் போனப்பவே பென்டிரைவை எடுத்தாந்து நம்ம கடையில உக்காந்து அனுப்பிட்டீங்களே... 'ஆசை ஆசையா மாட்டினு இருக்காரு, சொல்லிடாத தம்பி'ன்னு வேற சொன்னீங்க!"