கடல் தண்ணீர் எடுக்கப் போன லட்சணம்

எங்கள் புரொபசர் தப்பான ஆளைத் திட்டினார். நாறும் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், ஒரு கேள்விக்கு மேல் கேட்காமல் திட்டினார். வாங்க வேண்டியவன் நான். அலமாரி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன்.

அப்போது மும்பை செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. வீடு தாராவி. மாட்டுங்காவிலிருந்து வரும் வைதேகி அக்கா அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். கப்பல் குழாய்க்குப் போடும் செம்பு-நிக்கல் கலவைதான் அவர் விஷயம். கடல் நீரில் ஊறினால் அதன்மேல் மெல்லிய பழுப்பு ஆக்சைடு படலம் படரும். உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பாற்றுவது அந்தப் படலம்தான். தகட்டை இருட்டுப் பெட்டிக்குள் வைத்து அக்கா விளக்கை அடிப்பார். வெளிச்சம் பட்டதும் துளி மின்சாரம் ஓடி, திரையில் கோடு எம்பும். எவ்வளவு எம்புகிறது, மேலேயா கீழேயா என்று பார்த்தே படலத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்.

ஆறு வாரம் ஊறிய தகட்டை, ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன் காட்டினால் ஆய்வை முடிக்க இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தண்ணீர் கொண்டுவருவது என் பொறுப்பு.

"படகு ஏறி, கரையை விட்டு நன்னா தள்ளிப் போய் எடுத்துண்டு வா சுடலை. வாரா வாரம் புதுசா வேணும்" என்றார்.

படகு ஏற வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு கிரிக்கெட் மேட்ச். (பதினொன்றாவது ஆள். பந்து என்னுடையது என்பதால் சேர்த்திருந்தார்கள்.) வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் மாஹிம் உப்பங்கழி. அதில் ஊர்ச் சாக்கடையெல்லாம் கலக்கிறது என்பது தெரியாதா? தெரியும். அதனால்தான் அம்மாவின் பழைய சேலையில் மூன்று தடவை வடிகட்டினேன். படகில் போயிருந்தால் அதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அக்கா மூடியைத் திறந்தார்.

"என்னடா இது, இப்படி நாறறது?"

"கடல்னா மீன் வாடை அடிக்கத்தானக்கா செய்யும். நீங்க கவுச்சியே தொடமாட்டீய, ஒங்களுக்கு எங்க தெரியும்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. என் சாப்பாட்டைக் கேவலமாகப் பேசிவிட்டோமோ என்று பயந்துவிட்டார். "ஸாரிடா" என்று சொல்லி, மூக்கைப் பொத்தினால் தப்பாகுமே என்று மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டு ஊற்றினார். ஆறு வாரமும் அப்படித்தான். வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே வாக்குவாதம் அது.

குழு வந்த அன்று தகட்டை வெளியே எடுத்தார். பழுப்பு இல்லை. கரிச்சட்டி அடி மாதிரி கறுப்பு. விரல் பட்டதும் உதிர்ந்தது. அடியில் குழி குழியாக அரித்திருந்தது. சாக்கடையின் கந்தகம் செம்பைத் தின்றிருந்தது. ஆனாலும் அக்கா விளக்கை அடித்தார். கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது.

புரொபசர் பாட்டிலை முகர்ந்தார். "யே பானி கோன் லாயா?" யார் கொண்டுவந்தது என்று அவர் கத்தியதில் கண்ணாடிக் குடுவைகள் அதிர்ந்தன. மூன்றாவது மாடிவரை கேட்கும் என் வாய் திறக்கவே இல்லை.

"நான்தான் சார்" என்றார் வைதேகி அக்கா.

அவ்வளவுதான். குழு ஒரு வருடம் தரவில்லை. அடுத்த வாரம் அக்கா ஆய்வுக்கூடச் சாவியை ஒப்படைத்தார். அவர் புத்தகப் பெட்டியை ஸ்டேஷன்வரை நான்தான் தூக்கிப் போனேன். ரயில் வரும்போது கேட்டார்: "மேட்சுல ஜெயிச்சியாடா?"

மேட்ச் விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"தோத்துட்டோம்க்கா" என்றேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. ஸ்கோர் சொன்னேன்.

இன்றைக்கும் வீட்டில் நான் ஒரு பால் பாக்கெட் வாங்கி வந்தால், "எங்க எடுத்ததுன்னு அப்பாகிட்ட கேளு" என்பாள் என் மனைவி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கல்யாணில் இருக்கும் மச்சான் வரைக்கும் இந்தக் கதை போயிருக்கிறது.

அக்கா இப்போது நேருளில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறார். ஒரு தடவை போன் செய்தேன். "விடுடா, பழைய கதை" என்று சொல்லி, என் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டார்.

விட முடியாது அக்கா. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வேலைதான் போயிருக்கும். உங்களுக்கு ஐந்து வருடப் படிப்பு போயிற்று. யாரைக் கேட்டு "நான்தான்" என்றீர்கள்? இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் ஏற்கமாட்டேன். இதே பக்கத்தில், உங்கள் பெயர் போட்டு, அந்த புரொபசரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள்.