மைக்ரான் அண்ணன் பார்த்து வாங்கிய சுகர் மிஷின்

இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம் வரைக்கும் மைக்ரான் அண்ணன் அளந்து பார்க்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. வல்லம் வடகாலில் நான் வேலை பார்த்த பிரேக் பார்ட்ஸ் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கேன்டீன் இட்லிக்கு வெர்னியர் அளவுகோல் வைத்து, "ஒரு பக்கம் ரெண்டு எம்எம் கம்மியா கீது" என்று திருப்பி அனுப்பியவர். முடியிழையை விடச் சின்னக் குறைக்கும் பார்ட்டைத் தள்ளிவிடுவார். அதனால்தான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்தோம். அந்தப் பெயர் அவர் காதில் விழுந்துவிட்டால் போச்சு, அன்றைக்கு நம் லைனில் ஒரு பார்ட்டும் பாஸ் ஆகாது.

முப்பத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை என்றார்கள். ஊரில் அம்மா பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தினமும் காலையில் அறையிலேயே அளந்து எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். எனக்கோ அந்த எண்ணைப் பார்க்கவே பயம். மிஷின் வாங்காமல் நாளைக் கடத்தினேன்.

விஷயம் மைக்ரான் அண்ணனுக்கு எட்டியது. "இன்னாபா நீ, அளக்காமயே பயந்துகினு கீற?" என்று மெடிக்கல் ஷாப்புக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரர் போனோடு சேர்ந்து வேலை செய்யும் மிஷினைக் காட்டினார்.

"அதெல்லாம் வோணாம். ரத்தம் தொட்டு வெக்கிற ஸ்ட்ரிப்பு இன்னா வெல? எல்லாக் கடைலயும் கெடைக்குமா? எக்ஸ்பைரி எப்போ? மிஷின் ஒரு தபாதான் வாங்குவான், ஸ்ட்ரிப்பு மாசா மாசம் வாங்கணும்ல?"

அதுவரை சரி. அடுத்து, மிஷின் சரியாக அளக்கிறது என்பதற்குக் காலிபரேஷன் சர்டிபிகேட் கேட்டார்.

"சார், இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல சார்!"

"நான் கேக்குறேன்ல?"

முக்கால் மணி நேரம் கழித்து, எழுத்து பெரிதாகத் தெரியும் சாதாரண மிஷின் ஒன்று தேறியது.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் என் அறைக்கே வந்துவிட்டார். லைனுக்குப் புது மிஷின் வந்தால் பூஜை போடாமல் ஓட்ட மாட்டோம். இதற்கும் போட்டார். டப்பாவுக்குச் சந்தனம், குங்குமம், வல்லக்கோட்டை முருகன் கோயில் பஞ்சாமிர்தம். அதை எடுத்துப் படைத்த அதே கையால் என் விரலைப் பிடித்துக் குத்தினார்.

412.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவரோ பதறாமல் பையிலிருந்து சிவப்பு டேக்கை எடுத்து மிஷின் மேல் ஒட்டினார். சிவப்பு என்றால் எங்கள் கம்பெனியில் குப்பைக்கு. பிறகு தன் விரல்களைப் பார்த்தார். முகர்ந்தார்.

"அட முருகா! தப்பு என் கைல கீது, பஞ்சாமிர்தம் உன் வெரல்ல ஒட்டிகிச்சு. சோப்பு போட்டு கய்வினு வா, நல்லா தொட."

அவரும் கழுவினார். புது ஸ்ட்ரிப், வேறு விரல். 196.

சிவப்பு டேக்கைப் பிய்த்தார். "மிஷின் ஓகே!"

"196-ம் கூடத்தான அண்ணே? அந்த செவப்பு டேக்க எனக்கே ஒட்டிருங்க," என்றேன்.

அவர் மறுபடி பைக்குள் கை விட்டார். மஞ்சள் டேக் ஒன்றை எடுத்து, ஏதோ எழுதி, என் சட்டையில் ஒட்டினார். மஞ்சள் என்றால் சரிசெய்து மறுபடி லைனுக்கு அனுப்ப வேண்டிய பார்ட்.

"நீ ஸ்கிராப் இல்லபா, ரீவொர்க்கு. தெனம் அள."

அளந்தேன். நடந்தேன். எண் மெல்ல இறங்கியது. கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் என் இலையைத்தான் இன்ஸ்பெக்ஷன் செய்தார்.

இப்போது அவர் வேறு கம்பெனியில் இருக்கிறார். அந்த டேக் என் மிஷின் பையில் இருக்கிறது. அதில் ரீவொர்க்குக்குப் 'பொறுப்பு' என்ற கட்டத்தில் யார் பெயர் என்று, ஒட்டிய அன்று இரவுதான் கவனித்தேன். யாரும் கூப்பிடக் கூடாது என்று சண்டை போட்ட அந்தப் பெயரை அவரே எழுதியிருந்தார்: மைக்ரான்.