தையல் பீரியடில் அஞ்சே அஞ்சு நிமிஷம்

பள்ளிக்கூடங்களில் ஒரு வகை ஆசிரியர் உண்டு. பீரியடு பிடுங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வகுப்பு வாசலில் வந்து நின்று, வாய் நிறையச் சிரித்து, "அஞ்சே அஞ்சு நிமிஷம்" என்பார். அந்த ஐந்து நிமிஷம் பெருகிப் பெருகி நாற்பதாகி, மணி அடித்து, அடுத்த பாடத்து ஆசிரியர் வாசலில் நின்று இரண்டு முறை இருமிய பிறகுதான் சாக்பீஸைக் கீழே வைப்பார். நீங்கள் படித்த பள்ளியிலும் ஒருவர் இருந்திருப்பார். இல்லை என்று சாதிக்காதீர்கள். அவர் பாடத்தில் நீங்கள் நல்ல மார்க் வாங்கியிருப்பீர்கள், அதனால் மறந்துபோயிருக்கும்.

இந்த வகையில் முதல் தரமான ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூர் முதுநகர் பக்கம் ஒரு சின்ன மேல்நிலைப் பள்ளிக்கு வரவேண்டும். பெயர் செம்பியன். பாடம் கணக்கு. பன்னிரண்டு வருஷமாக அவர் பாடத்தில் ஒரு பிள்ளையும் ஃபெயில் ஆனதில்லை. இதை அவரே சொல்வார். நீங்கள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

பிடுங்குவதிலும் அவருக்கு ஒரு தர்மம் உண்டு. வேதியியல் பீரியடை அவர் தொட்டதே கிடையாது. தொட்டால் வேதியியல் அன்புமணி சார் தலைமையாசிரியை அறை வரைக்கும் கொண்டுபோய் மானத்தை வாங்கிவிடுவார். ஆகவே ஓவியம், பாட்டு, மரவேலை, தையல். கேட்க நாதியில்லாத பாடங்களாகப் பார்த்துத்தான் கை வைப்பார். கால அட்டவணையில் அவற்றுக்கு விருப்பப் பாடம் என்று பெயர். யாருடைய விருப்பம்? செம்பியன் சாருடையதுதான், வேறு யாருடையது?

"படம் வரஞ்சா ரேங்க் வருமா? ஊசி புடிச்சா இன்ஜினியரிங் சீட்டு குடுப்பானா?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார். தச்சர் செய்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தையல்காரர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கேட்பார். அந்தச் சட்டையின் இடது கைப் பொத்தான் போன வருஷம் அறுந்துபோனது. அன்றிலிருந்து அந்த இடத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி வருகிறார். காலையில் அடிப்பார், சாயங்காலம் பிடுங்குவார். மனைவி சௌந்தரம் தைத்துத் தருகிறேன் என்றால், "எதுக்கு டயம் வேஸ்ட்?" என்பார்.

பள்ளியில் நான்கு தையல் மெஷின்கள் இருந்தன. அவற்றின் மேல் செம்பியன் சாரின் பத்து வருஷத்துக் கேள்வித்தாள் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. நல்ல உறுதியான மெஷின்கள் என்று அவரே பாராட்டியிருக்கிறார்.

தையல் டீச்சர் சவரிமேரி. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் காலையில் மட்டும் வருகிற பகுதிநேர ஆசிரியை. வேலை பகுதிநேரம் என்றால் மரியாதையும் பகுதிதானே! ஊசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வகுப்பில் நுழைவதற்குள் பின்னாலேயே அந்தக் குரல் வரும்.

"டீச்சர், அஞ்சே அஞ்சு நிமிஷம். ஒரே ஒரு தேற்றம்."

"பரவால்ல சார், எடுத்துக்குங்க."

ஒன்பது வருஷம் இதே வசனம். டீச்சர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்த ஒன்பது வருஷத்தில் அவருக்கே பத்தாம் வகுப்புத் தேற்றங்கள் அத்தனையும் மனப்பாடம் ஆகிவிட்டன. பெண்களுக்குத்தான் ஊசி பிடிக்கத் தெரியவில்லை.

இப்படியிருக்க, ஒரு நாள் தலைமையாசிரியை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வருஷம் பதினொன்றாம் வகுப்பில் ஆடை வடிவமைப்பு என்று ஒரு குரூப் தரப்போகிறார்களாம். கேட்ட பள்ளிக்கெல்லாம் கிடைக்காது. ஒரு அதிகாரி அம்மா நேரில் வந்து, பத்தாம் வகுப்புப் பெண்களுக்குத் தையல் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்.

இதைக் கேட்டு யார் துள்ளிக் குதித்தது என்று நினைக்கிறீர்கள்? நம் செம்பியன் சாரேதான்! அவர் கணக்கே வேறு. "கணக்கு வராததுங்கள எல்லாம் அந்த குரூப்புல தள்ளிவுட்டுடலாம் மேடம். நம்ம ரிசல்ட்டு எப்பவும் நூறு." அந்தப் பள்ளியில் அதுவரை இருந்தவை இரண்டே குரூப். இரண்டிலும் கணக்கு உண்டு.

அந்தக் கணக்கு வராததுகளில் முதல் பெயர் சுவேதா. பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். அம்மா அமராவதிக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அம்மாவின் பழைய புடவையை வெட்டித் தங்கச்சிக்குப் பாவாடை தைத்துப் போட்டவள் சுவேதா. அதுவும் கையாலேயே. அந்த குரூப்தான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் அது இருக்கிறது. அமராவதி கறாராகச் சொல்லிவிட்டாள்: "போவ ஒன்ற மணி நேரம், வர ஒன்ற மணி நேரம். ஷிஃப்டுக்குப் போறவ நானு, ஒன்ன யாரு பஸ் ஏத்திவுடறது? இங்க வந்தா படி. வரலன்னா இங்க இருக்கற குரூப்ப எடு." ஆக அந்தப் பெண்ணுக்கு எல்லாமே அதிகாரி அம்மா வருகிற நாளில்தான் இருந்தது.

அதற்குப் பெண்களைத் தயார்ப்படுத்தும் பொறுப்பை யார் ஏற்றது? செம்பியன் சார். "ஒம்பது வருஷமா அந்தப் பீரியடுல நான்தான மேடம் இருக்கேன்" என்றார். சத்தியமான வார்த்தை. மறுக்க முடியவில்லை.

அவர் தையல் கற்பித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்தார். நாற்பது கேள்வி பதிலைப் போர்டில் எழுதிப்போட்டார். ஓடு தையல் என்றால் என்ன? இரண்டு மார்க். தையல் இயந்திரத்தின் பாகங்கள் யாவை? ஐந்து மார்க். சங்கிலித் தையலுக்கும் கம்பளித் தையலுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக. எட்டு மார்க். பெண்கள் இம்போசிஷன் எழுதி எழுதிக் கை ஓய்ந்தார்கள். வாராவாரம் டெஸ்ட். பதில் வராத பன்னிரண்டு பேரைத் தனியாகப் பிரித்தார். சுவேதா நாற்பதுக்கு ஆறு வாங்கினாள்.

"சார், பசங்க கையில துணியக் குடுத்தா ஒரு வாரத்துல வந்துடும்" என்று சவரிமேரி டீச்சர் ஒருநாள் மெல்லச் சொன்னார்.

"அதெல்லாம் அப்பறம் டீச்சர். மொதல்ல பேஸிக் வரட்டும்."

அதிகாரி வருவது வியாழக்கிழமை என்று முடிவானது. வியாழன் டீச்சர் வருகிற நாள் இல்லை. செம்பியன் சார் அவருக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. "பாவம், எதுக்கு அவுங்களுக்கு அலைச்சல்?" என்றார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

வியாழனும் வந்தது. முதல் பெஞ்சில் முதல் ரேங்க் ஆரோக்கிய அனிதா. வராதது பன்னிரண்டையும் பக்கத்து அறையில் அடைத்து, "மேடம் போற வரைக்கும் ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. இடது கையில் புது ஸ்டேப்ளர் பின்.

அதிகாரி அம்மா உட்கார்ந்தார். ஒரு கேள்விதான் கேட்டார். அனிதா எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு பொழிந்தாள்: "ஊசியின் காது வழியே நூலைச் செலுத்தித் துணியின் இரு அடுக்குகளை இணைக்கும் செயல் தையல் எனப்படும். அதன் வகைகள் ஏழு. அவையாவன…"

"நல்லா சொல்ற கண்ணு" என்றார் அதிகாரி அம்மா. அவர் பார்வை செம்பியன் சாரின் கைக்குப் போனது. "என்ன சார், சட்டையில ஸ்டேப்ளர் போட்டிருக்கீங்க? பாப்பா, சாருக்கு ஒரு பொத்தான் தச்சுக் குடு பாப்போம்."

அலமாரியிலிருந்து ஊசியும் நூலும் பொத்தானும் வந்தன. செம்பியன் சார் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டுக் கையை நீட்டினார். அனிதா ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசித்தாள். நூல் கோர்க்கவே ஏழு நிமிஷம் ஆனது.

"மூணாவது கேள்வி, அனிதா! மூணாவது கேள்வி!" என்று சார் கிசுகிசுத்தார்.

அவள் மூன்றாவது கேள்விக்கான பதிலை முணுமுணுத்தபடியே தைத்தாள். இரண்டு தடவை சாரைக் குத்தினாள். முடித்து நிமிர்ந்தபோது பொத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் சட்டைக் கையின் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒன்றாகச் சேர்ந்து சாரின் மணிக்கட்டைச் சுற்றி நிரந்தரமாகத் தைக்கப்பட்டிருந்தன.

"தையல் டீச்சர் எங்க?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

"இன்னைக்கி அவுங்க வர்ற நாள் இல்ல மேடம்" என்றார் தலைமையாசிரியை.

அதிகாரி அம்மா இரண்டு வரி எழுதினார். "படிப்பெல்லாம் பிரமாதமா இருக்கு சார். கைவேலதான் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. பன்னிரண்டு பேரும் வெளியே வந்தார்கள். செம்பியன் சார் சட்டைக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுவேதா பார்த்தாள். பென்சில் டப்பாவிலிருந்து பிளேடை எடுத்து, துணியில் ஒரு கீறல்கூட விழாமல் தையலை மட்டும் அறுத்து, நூலை நாக்கில் நனைத்துக் கோர்த்து, பொத்தானை வைத்துத் தைத்து, அடியில் முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து எடுத்தாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? அதுகூட ஆகவில்லை.

"எங்கடி கத்துக்கிட்ட?"

"வீட்டுல சார்."

"மொதல்லியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் சார் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க." பிறகு கேட்டாள்: "சார், அந்த குரூப்பு நம்ம ஸ்கூலுக்கு வந்துடுமா சார்?"

இந்த இடத்தில் செம்பியன் சாருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. உண்மையிலேயே இருந்தது. ஒரு நாலு நொடி.

"அதெல்லாம் மேல இருக்கறவங்க முடிவு. வந்தது வந்துட்ட, அந்தத் தேற்றத்த எழுதிக் காட்டிட்டுப் போ."

குரூப் வரவில்லை. ஜூன் மாதம் சுவேதா கணக்கு குரூப்பில், செம்பியன் சாரின் வகுப்பில், அதே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். காலாண்டுத் தேர்வில் ஒன்பது மார்க். பன்னிரண்டு வருஷத்து நூறு ஆட்டம் கண்டுவிட்டது. ஸ்டாஃப் ரூமில் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி வயிற்றெரிச்சலோடு கேட்டார்: "இதெல்லாம் எப்பிடித்தான் என் க்ளாஸுக்கு வந்து சேருதுன்னே தெரியல!"

சவரிமேரி டீச்சர் அன்று 'பரவால்ல சார்' சொல்லவில்லை. "ஒங்க சட்டைக் கையப் பாருங்க சார், தெரியும்" என்றார்.

செம்பியன் சார் பார்த்தார். பொத்தான் கெட்டியாகத்தான் இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பில் தையல் பீரியடு. இருவருமே எழுந்தார்கள்.

சிரித்தீர்களா? நல்லது. போன வாரம் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அட்டையும் கத்தரிக்கோலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்ததே, "இதெல்லாம் லீவுல பாத்துக்கலாம், மொதல்ல ஹோம்வொர்க்க முடி" என்று ஒரு குரல் கேட்டதே, அது யார் குரல்? அஞ்சே அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லையென்றால் உங்கள் சட்டையைப் பாருங்கள். பொத்தான்கள் எல்லாம் இருக்கின்றனவா? சரி, அவற்றைத் தைத்த கை யாருடையது, அதற்குக் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டிருக்கிறீர்களா?