கம்பெனிக்குக் கை உண்டா?

கம்போங் பாசிர் டாலாம்,
மாராங், திரெங்கானு.
செவ்வாய்க்கிழமை, மதியம்.

மரியாதைக்குரிய மூத்த அக்கா செலமா அவர்களுக்குத் தம்பி ஜூசோவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கருணையால் ஜொகூரில் நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? நானும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் தம்பி மனைவி கல்சோம் வீட்டை விட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். பதறாதீர்கள், தூரமாக எங்கும் போகவில்லை. நம் வாசலில் நின்றாலே தெரிகிறது, கடற்கரையில் புதிதாகக் கட்டிய ரிசார்ட்டின் நான்காம் எண் வீட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள் என்றால்கூட ஊரில் சொல்லிக்கொள்ளலாம். ரிசார்ட்டுக்குப் போய்விட்டாள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பள்ளிவாசலில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது.

எல்லாம் ஹைக்கல் என்கிற அந்த ஆர்க்கிடெக்டால் வந்தது. கோலாலம்பூர்க்காரன், மரியாதை தெரிந்தவன், அதில் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் வந்து, "மாமா, பன்னிரண்டு வீடு கட்டப்போறோம், எல்லாம் அசல் மலாய் வீடு, தூண் மேல நிக்கணும், கூரை செங்குத்தா இருக்கணும், சுவர்ல காத்துக்குச் செதுக்குப் பலகை வைக்கணும். நீங்க நில அலுவலகத்துல முப்பது வருஷம் வரைபடம் போட்டவரு, எங்களுக்குப் பாரம்பரிய ஆலோசகரா இருங்க" என்றான். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் ஆலோசனை கேட்டதில்லை அக்கா. வீட்டில் இன்றைக்கு என்ன மீன் என்றுகூடக் கேட்பதில்லை. தலையை ஆட்டிவிட்டேன். தொப்பி ஒன்று கொடுத்தார்கள்.

தச்சு வேலைக்கு அவாங் அண்ணனைத்தான் பிடித்தேன், நீங்கள் அவரை அறிவீர்கள், யார் எது சொன்னாலும் முதலில் மறுத்துவிட்டு அப்புறம்தான் காது கொடுப்பார். மரம் வந்து இறங்கியது, ஆட்கள் வந்தார்கள், ஹைக்கல் படத்தை விரித்தான். அவாங் அண்ணன் படத்தைப் பார்க்கவே இல்லை. "வீட்டுக்காரி யாரு?" என்றார்.

"வீட்டுக்காரின்னு யாரும் இல்லீங்க, கம்பெனிதான்" என்றான் ஹைக்கல்.

"கம்பெனிக்குக் கை இருக்கா?"

"இல்ல."

"அப்ப தூண அறுக்க முடியாது. கை இருக்கிற பொம்பளையா ஒருத்தியக் கூட்டிட்டு வா."

நம் பக்கத்தில் வீட்டை அடியாலும் அங்குலத்தாலும் அளப்பதில்லை என்று ஹைக்கலுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்காரி இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி நிற்க வேண்டும், இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை கயிறு பிடிக்க வேண்டும், அந்தக் கயிற்றை மடித்துத்தான் நீளம், அகலம், தூண் உயரம் எல்லாம். அளவு யாருடையதோ வீடு அவளுக்குத்தான் ஒத்துப்போகும். ஹைக்கலுக்கு முகமெல்லாம் வெளிச்சம், "இதுதான் மாமா அசல்" என்று எழுதிக்கொண்டான். ரிசார்ட் முதலாளியின் மனைவியைக் கேட்டார்கள், அவருக்கு வெயில் ஆகாதாம், தொலைபேசியில் அளவு சொல்கிறேன் என்றாராம். அவாங் அண்ணன் உளியைத் துணியில் சுற்றத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து எனக்கு மதியத்துக்கு நாசி டாகாங் கட்டிக்கொண்டு கல்சோம் வந்து நின்றாள். வாயை மூடிக்கொண்டு சோற்றை வாங்கியிருக்கலாம். "என் வீட்டுக்காரி இருக்காளே!" என்று சொல்லித் தொலைத்தேன்.

சோற்றுப் பொட்டலத்தை மரக்கட்டை மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "எதுக்கு அண்ணே?" என்று கேட்டாள். "உன் கைநீளத்துக்குத்தான் இந்த வீட்டைக் கட்டப்போறேன்" என்றார் அவாங் அண்ணன். அளந்து முடித்துக் கயிற்றைச் சுருட்டிய பிறகும் அவள் கையை இறக்கவில்லை. பார்த்தேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் அறிவு.

நான்காம் எண் வீடு ஒன்றுதான் அந்தக் கணக்கில் எழுந்தது. இந்த வேகத்தில் போனால் தன் பேரன் காலத்தில்தான் விருந்தாளி வருவான் என்று முதலாளி குதித்ததால், மற்றப் பதினொன்றையும் கான்ட்ராக்டர் கம்ப்யூட்டர் அளவில் நட்டுவிட்டார். நான்காம் வீட்டின் நடுத்தூணை நிறுத்தின அன்றைக்கு மஞ்சள் போட்டுப் புளுட் என்கிற ஒட்டரிசிச் சோறு ஆக்கி, துஆ ஓதி, தூணின் தலையில் துணி கட்ட வேண்டியது வீட்டுக்காரி என்பதால் ஏணியில் ஏறிக் கல்சோமே கட்டினாள். ஊரே சாப்பிட்டது. ஹைக்கல் நூறு படம் எடுத்தான். எல்லோர் முன்னிலையிலும் அந்த வீட்டுக்கு அவளை வீட்டுக்காரி ஆக்கிவிட்டு, இது சும்மா விளம்பரத்துக்கு என்று அவளிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆலோசகர் எனக்கும் தோன்றவில்லை.

மற்றப் பதினொன்றின் கதையைக் கேளுங்கள். கட்டிலில் படுத்தபடியே கடலில் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம் என்று விளம்பரம் போட்டு, வீட்டின் நீளப் பக்கத்தைக் கிழக்கே திருப்பிக் கண்ணாடி வைத்தார்கள். பார்க்கலாம்தான். ஏழரை மணிக்கு மேல் அந்தக் கட்டிலில் மனுஷன் படுக்க முடியாது. அதற்காக ஏசி வைத்தார்கள். தரைப்பலகை இடுக்கு, செதுக்குப் பலகை ஓட்டை, கூரை இறவாணம் என்று காற்று வந்து போவதற்காகவே செய்த வீட்டில் ஏசிக் குளிர் எங்கே நிற்கும்? நேராக இடுக்கு வழியே கீழே இறங்கியது. ஊர் ஆடு முழுக்க வீட்டுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. மேலே விருந்தாளியாக வந்த ஹாலந்துக்காரர்கள் வியர்த்து ஊற்ற, கீழே ஆடுகள் கண்ணை மூடி அசைபோட்டன. உடனே இடுக்கையெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்தார்கள். ஆடு போயிற்று, பூஞ்சை வந்தது. ஒரு விருந்தாளியின் தோல் செருப்பில் மூன்றே நாளில் பச்சை முடி முளைத்துவிட்டது. "மாமா, அசல் வீட்டுல இப்படி ஆகுமா?" என்று ஹைக்கல் என்னைக் கேட்கிறான். பாவம், கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

நான்காம் எண்ணில் இதெல்லாம் கிடையாது. அவாங் அண்ணன் அதன் குறுகிய முகத்தை வெயிலுக்குக் கொடுத்து, நீளப் பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறார். கல்சோம் முதலில் "கதவு ஒழுங்காச் சாத்துதான்னு பாத்துட்டு வர்றேன்" என்று போனாள். மறுநாள் ஜன்னலைப் பார்க்கப் போனாள். அப்புறம் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள், தலையணை போனபோதே நான் விழித்திருக்க வேண்டும். ஏசிக்காரன் வந்தபோது படியிலேயே நிறுத்தி, "இது யாருக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். இப்போது பின்கட்டில் கெரோபோக் மீன் அப்பளம் காய்கிறது, அடுக்களையில் மீன் குழம்பு கொதிக்கிறது, வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று மோந்து பார்க்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை போய் நேரடியாகவே கேட்டேன். படிக்குக் கீழே நின்றுதான், மேலே ஏறச் சொல்லவில்லை.

"என்ன கல்சோம், வீட்டுக்கு வர்ற உத்தேசம் உண்டா?"

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு. நான் கட்டின வீட்டுக்கு."

"ஆமா, நீங்க கட்டினது" என்றாள். "முப்பத்தோரு வருஷமா அடுப்படிக்கு ஒரு ஜன்னல் கேட்டேன். கடல் பக்கமா ஒண்ணே ஒண்ணு. என்ன சொன்னீங்க?"

"எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிக் குடுத்தேனே?"

"வாங்கின மாசமே நின்னுபோச்சு. அதுல மைனா கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சும் பறந்து போயிடுச்சு. நான்தான் உள்ள நின்னுட்டு இருந்தேன்."

பக்கத்து வீட்டு வெராந்தாவில் மூன்று ஹாலந்துக்காரர்கள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன, யார் பக்கம் நியாயம் என்பது புரிந்த முகமாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அக்கா. நம் வீட்டின் படத்தை என் கையால் வரைந்தேன். கடல் பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தால் முகப்பின் அழகு போய்விடும் என்றுதான் வெறுஞ்சுவராக விட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். நல்ல சிமெண்ட் வீடு, ஒரு விரிசல் கிடையாது, அதை விட்டுவிட்டுப் பலகை வீட்டில் போய் உட்கார்ந்தால் எப்படி?

ரிசார்ட் மேலாளர் அம்மாவும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குடும்பம் வருகிறதாம், அதற்குள் கல்சோம் அத்தையை அழைத்துப் போய்விடுங்கள் என்று கெஞ்சுகிறார். கல்சோமிடம் போய்ச் சொன்னால், "தாராளமா வரட்டும், காலைக் கழுவிட்டு ஏறச் சொல்லுங்க" என்கிறாள். ஆகையால் அக்கா, வியாழக்கிழமை பஸ்ஸைப் பிடித்து நீங்கள் கட்டாயம் வந்து சேர வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பயப்படுவது உங்களுக்கு ஒருத்திக்குத்தான். இரண்டு அதட்டு போட்டுக் கையோடு கூட்டிவந்து விட்டுவிட்டால் போதும். மூன்று வேளையும் மேகி தின்று நாக்கு செத்துவிட்டது. உங்களுக்குக் கடல் பக்கத்து அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

கடிதத்தில் சொல் கூடக் குறைய இருந்தால் சின்னவன் என்று மன்னித்துவிடுங்கள். அத்தானுக்கு என் ஸலாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நல்ல உணவும் கொடுக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
ஜூசோ

பின்குறிப்பு: புதன்கிழமை. அக்கா, வர வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், மறுபடி எழுதத் தெம்பு இல்லை. நேற்று இதை எழுதிவிட்டு, மேகி அலுத்துப்போய், ஒரு முட்டையாவது பொரித்துத் தின்னலாம் என்று அடுக்களைக்குள் போனேன். வெங்காயம் நறுக்கி, எண்ணெய் காய்ந்து, முட்டை ஊற்றிப் புரட்ட மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கண் இருட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு முட்டைக்கு இந்தப் பாடு. ஹரி ராயாப் பெருநாளுக்கு நாற்பது பேருக்கு ரெண்டாங் இறைச்சி கிளறினவள் அவள், மணிக்கணக்காக அதே இடத்தில் நின்று. எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா, வெட்கப்படாமல் சொல்கிறேன். கொல்லையில் கிடந்த சம்மட்டியை எடுத்து அடுக்களையின் கடல் பக்கச் சுவரை இடித்தேன். நான் வரைந்த வீடுதான், ஆனாலும் எந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகிறது என்பது மறந்துவிட்டது. உங்களுக்காகத் துடைத்து வைத்த அறை இப்போது கணுக்கால் தண்ணீரில் இருக்கிறது, அதனாலும் வர வேண்டாம். சத்தம் கேட்டுக் கல்சோம் ஓடி வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். செங்கல்லைத் தாண்டிப் போய், எனக்குத் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தாள். கடல்காற்று வந்து அணைத்துவிட்டது. மறுபடி பற்றவைத்தாள், மறுபடி அணைந்தது. ஐந்தாவது தடவை நான் கைலியை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் எரிந்தது. ஐந்து தடவையும் சிரித்தாள்.