ஆறுதல் உபகுழுவின் அரிய சேவை

உலகத்தில் இரக்கம் அற்றுப்போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் அந்தத் திருச்சபையின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியதில்லை. முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை இரக்கம்தான். அத்தனையும் 'ஏகமனதாக' நிறைவேறிய இரக்கம்.

சபையைச் சேர்ந்த தையற்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரமாக வீட்டில் தனியாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டதும் சேவைக் குழுவின் செயலாளர் துடித்துப்போனார். துடித்த கையோடு கூட்டம் கூட்டினார். முதல் கூட்டத்தில் வருந்தினார்கள். இரண்டாவதில் வருத்தத்தைப் பதிவு செய்தார்கள். மூன்றாவதில், பதாகையில் 'சேவை' என்ற சொல் பெரிதாக இருக்க வேண்டுமா, தலைவரின் படம் பெரிதாக இருக்க வேண்டுமா என்ற இறையியல் சிக்கல் எழுந்தது. தலைவர் தாழ்மையே உருவானவர். இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார்.

ஞாயிறு மாலை, தையற்காரரின் ஒற்றை அறைக்குள் பதினோரு பேர் நுழைந்தார்கள். பதாகையும் நுழைந்தது. இடம் போதாமல் தையல் இயந்திரம் வெளியேறியது.

ஆறு பாட்டு. இரண்டு ஜெபம். செயலாளரின் 'சிற்றுரை' முக்கால் மணி நேரம்.

"ஐயா," என்றார் தையற்காரர் மெல்ல. "காலையிலேருந்து ஒரே பக்கமா படுத்திருக்கேன். முதுகெல்லாம் எரியுது. கொஞ்சம் பிடிச்சுத் திருப்பி விடுறீங்களா? விரிப்பும் நனைஞ்சு கிடக்கு."

செயலாளர் உருகிப்போனார். "அண்ணே, நாங்க ஆறுதல் உபகுழு. தூக்குறது, திருப்புறதெல்லாம் சரீர உதவி உபகுழு. அதுக்கு இன்னும் ஆள் போடல. அடுத்த மாசம்தான் தேர்தல்."

"அதுவரைக்கும் நான்?"

"விசுவாசத்துல அசையாம இருங்க!"

"அசைய முடியாமத்தானே ஐயா உங்களக் கூப்பிடுறேன்."

அந்த நேரம் பார்த்து, தோளில் தண்ணீர் கேனோடு கேன்காரர் உள்ளே வந்தார். ஒரு பார்வை பார்த்தார். கேனை இறக்கினார்.

"பதாகையைக் கொஞ்சம் நகத்துங்க."

தையற்காரரின் தோளுக்கடியில் கைகொடுத்துப் பதமாகத் திருப்பினார். உடம்பைத் துடைத்தார். ஈர விரிப்பை உருவிவிட்டு வேறு விரித்தார். தையற்காரர் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டார். செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்கலங்கினார்.

"தம்பி எந்தச் சபை?"

"உங்க சபைதாங்க. பத்து வருஷமா, கடைசி வரிசை."

"எந்த உபகுழு?"

"குழுவெல்லாம் இல்லீங்க. கேன் போட இந்தப் பக்கம் வருவேன். காலையிலயும் சாயங்காலமும் அண்ணனையும் பாத்துட்டுப் போவேன்."

"ரொம்பச் சந்தோஷம். படத்துல விழாம கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க."

கேன்காரர் ஈர விரிப்பை அலசக் கொல்லைப்புறம் போனார். படம் பிடித்து முடிந்ததும் செயலாளர் 'பயனாளி கருத்துப் படிவ'த்தை நீட்டினார். 'உதவ வந்த விசுவாசிகள் எத்தனை பேர்?' என்ற கட்டத்தில் தையற்காரர் '1' என்று எழுதினார்.

"அண்ணே, பதினோரு பேர் வந்திருக்கோமே! ஒரு ஒண்ணு விட்டுப்போச்சு."

"விடல ஐயா. எண்ணித்தான் எழுதினேன்."

கொல்லைப்புறத்தில் துணி பிழியும் சத்தம் கேட்டது. செயலாளருக்குக் காது சூடேறியது. அங்குமிங்கும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, அந்த ஒன்றின் பக்கத்தில் இன்னொரு ஒன்றைப் போட்டார்.

அன்று அந்த அறையில் அவர் தம் கையால் செய்த ஒரே வேலை அதுதான்.